குளத்தங்கரையில் வகுப்பு நடத்த நிதி கிடைக்குமா? பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றங்களுக்கான மானியங்கள் பற்றி

தாமரைக்குளத்து டீச்சர்:

அனைவருக்கும் வணக்கம். தேரூர்க் குளத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள, அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். சென்ற தை மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், பெற்றோரிடம் இசைவுக் கடிதம் வாங்கிக்கொண்டு, 22 பிள்ளைகளைக் குளத்தங்கரைக்கு அழைத்துச் சென்றேன். என் தம்பியிடம் இரவல் வாங்கிய ஒரே ஒரு பைனாகுலர்தான் கையில் இருந்தது. தாமரை இலைமேல் நீளவால் இலைக்கோழி ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதன் விரல்கள் எவ்வளவு நீளம் என்பதையும், இலை அமிழாமல் அது எப்படி நடக்கிறது என்பதையும் நான்கு பிள்ளைகள் பார்த்தார்கள். ஐந்தாவது பிள்ளை கண்ணில் வைப்பதற்குள் அது தாமரைக் கூட்டத்துக்குள் மறைந்துவிட்டது. மற்ற 18 பேரும், அந்த நால்வர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு பள்ளிக்குத் திரும்பினார்கள்.

சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதியும் வேம்பனூர் ஈரநிலமும் 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டன. உலகம் மதிக்கும் ஒரு குளம் பள்ளியின் பின்வாசலில் இருந்தும், எங்கள் பிள்ளைகள் ஈரநிலத்தைப் படத்தில்தான் படிக்கிறார்கள் என்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. வரும் ஆண்டில் மாதம் ஒருமுறை பறவைகளை எண்ணவும், குளத்து நீரைச் சோதிக்கவும் விரும்புகிறேன். இதற்கு அரசிடமிருந்தோ வேறு இடங்களிலிருந்தோ நிதியுதவி பெறும் வழி உண்டா? தலைமையாசிரியையிடம் கேட்டபோது, "நமக்கெல்லாம் யார் டீச்சர் பணம் தருவார்கள்?" என்று சிரித்தார்கள். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தோவாளை முன்னாள் தலைமையாசிரியர்:

டீச்சருக்கு வணக்கம். வழிகள் உண்டு. ஆனால் அவை எந்த வாசலில் இருக்கின்றன என்பது பள்ளிகளுக்குப் பல நேரம் தெரிவதில்லை.

1991இல், சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடர்ந்த வழக்கில், சுற்றுச்சூழலைக் கல்வியின் ஒரு பகுதியாகக் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பணித்தது. பாடம் புத்தகத்துக்குள் வந்தது அந்த வழியாகத்தான். புத்தகத்துக்கு வெளியே பிள்ளைகளை அழைத்துச் செல்ல, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2001இல் தேசிய பசுமைப் படையைத் தொடங்கியது. ஒவ்வொரு மாவட்டத்திலும் தேர்ந்தெடுத்த பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றம் அமைத்து, பொறுப்பாசிரியர் ஒருவரை நியமித்து, ஆண்டுக்கு ஒரு தொகை தருவார்கள். தொடக்கத்தில் அது 1,000 ரூபாய். பிறகு 2,500 ஆகி, பின்னர் 5,000 ஆயிற்று. 1,000 ரூபாய்க் காலத்தில் நான் பொறுப்பாசிரியராக இருந்திருக்கிறேன். ஒரு மண்வெட்டியும், இரண்டு பூவாளியும், ஒரு பேனரும் வாங்கினால் தீர்ந்துவிடும்.

இரண்டாவது வாசல், மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்‌ஷா. அதில் இளைஞர் மற்றும் சுற்றுச்சூழல் மன்றங்களுக்கென்று தனித் தலைப்பு இருக்கிறது. தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய் வரையும், நடுநிலைப் பள்ளிக்கு 15,000 வரையும், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 வரையும் ஆண்டுதோறும் வழங்க இடமுண்டு. உங்களுடையது நடுநிலைப் பள்ளி என்பதால், 15,000 ரூபாயைக் கணக்கில் வைத்துத் திட்டமிடலாம்.

கல்குளம் சார்:

ஐயா சொன்னதில் ஒரு திருத்தம். சமக்ர சிக்‌ஷாவின் அந்தத் தொகை அரசுப் பள்ளிகளுக்கானது. டீச்சருடையது உதவி பெறும் பள்ளி. நம் மாவட்டத்தில் உதவி பெறும் பள்ளிகள் எவ்வளவு அதிகம் என்பது ஐயாவுக்கே தெரியும். ஒரே ஊரில், ஒரே சாலையின் இருபுறமும் இரண்டு பள்ளிகள் இருக்கும். ஒன்றின் மன்றத்துக்குப் பணம் வரும், மற்றதற்கு வராது. பிள்ளைகள் இரண்டிலும் ஒரே குளத்துக்கரையிலிருந்து வருபவர்கள்தாம்.

அரசுப் பள்ளிக்காரனான என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓராண்டு எங்கள் மன்றத்துக்கான தொகை மார்ச் மாதம் பாதி கழிந்தபின் கணக்கில் ஏறியது. மார்ச் 31க்குள் செலவு செய்து கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்று மேலிருந்து குறுஞ்செய்தி வந்தது. ஆண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த பத்து நாளில் என்ன செய்வது? பண்ணையிலிருந்து வேம்பும் புங்கும் நாவலுமாக 60 கன்றுகள் வாங்கினோம், கூண்டு வாங்கினோம், நட்டோம், படம் எடுத்தோம், பதிவேற்றினோம். ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடியது. மே மாத வெயிலில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது 60 கூண்டுகளில் 9 கன்றுகள் உயிரோடு இருந்தன. தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போது நட்டிருந்தால், ஒரு குடம் தண்ணீர் ஊற்றாமலே பாதிக்கு மேல் பிழைத்திருக்கும். கணக்கில் அந்த ஆண்டு எங்கள் பள்ளி முழுமையாகச் செலவழித்த பள்ளி.

தாமரைக்குளத்து டீச்சர்:

கல்குளம் சார், திருத்தத்துக்கு நன்றி. 15,000 என்று படித்தவுடன் தலைமையாசிரியையிடம் ஓடிப்போய்ச் சொல்ல இருந்தேன், நல்லவேளை. அப்படியானால், எங்களைப் போன்ற பள்ளிகளுக்குத் தேசிய பசுமைப் படை ஒன்றுதான் வழியா?

கணக்குப்பிள்ளை (நாகர்கோவில்):

சில அறக்கட்டளைகளுக்கும் பள்ளிகளுக்கும் கணக்கு எழுதுவது என் தொழில். வேறு வழிகளும் இருக்கின்றன. ஆனால் வாங்குவதற்கு முன், பணத்தை எப்படிக் காட்டுவது என்று தெரிந்துகொள்ளுங்கள். நிதி கிடைக்காமல் நின்றுபோன மன்றங்களைவிட, முதல் ஆண்டுப் பணத்துக்குக் கணக்கு முடிக்காததால் இரண்டாம் ஆண்டு நின்றுபோன மன்றங்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அரசு மானியம் எதுவானாலும், முடிவில் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அலுவலகங்களில் இதை யு.சி. என்பார்கள். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இன்படி இதற்கான படிவம் 12-ஏ. பெற்ற தொகை, செலவிட்ட தொகை, மீதி, வங்கி கொடுத்த வட்டி ஆகிய நான்கும் அதில் தனித்தனியே காட்டப்பட வேண்டும். வட்டி நம்முடையது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது அரசுக்குத் திரும்ப வேண்டிய பணம். ஒரு பள்ளியின் சான்றிதழ் 37 ரூபாய் வட்டியைக் காட்டாததால் திரும்பி வந்தது; அந்த 37 ரூபாயைச் செலுத்த இரண்டு ஆசிரியர்கள் இரண்டு நாள் அலைந்தார்கள்.

இன்னொரு பள்ளியில் மாணவர்களை அழைத்துச் சென்ற வேனுக்கு 2,800 ரூபாய் கொடுத்திருந்தார்கள். ரசீதில் வண்டி எண் இல்லை, எங்கிருந்து எங்கே என்பது இல்லை, "வேன் வாடகை" என்ற இரண்டு சொற்களும் ஒரு கையெழுத்தும் மட்டும் இருந்தன. தணிக்கையில் அந்தத் தொகையைப் பொறுப்பாசிரியர் தம் சம்பளத்திலிருந்து கட்டும்படி ஆயிற்று. அவர் அதற்குப் பிறகு மன்றப் பொறுப்பை ஏற்கவே இல்லை. ஆகவே ஒவ்வொரு ரசீதின் பின்புறமும் நாள், நோக்கம், வந்த பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அன்றைக்கே பென்சிலிலாவது எழுதி வைத்துவிடுங்கள்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கல்வி, சுற்றுச்சூழல் இரண்டுமே அதன் ஏழாம் அட்டவணையில் இருக்கின்றன. அரசுப் பள்ளிகளுக்கு இந்தப் பணம் வந்துசேர, 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற வழி உண்டு. உதவி பெறும் பள்ளி என்றால், பதிவு பெற்ற அறக்கட்டளை ஒன்றின் வழியாகப் போவதே எளிது. ஆனால் 15,000 ரூபாய்க்காக எந்தப் பெரிய நிறுவனத்தின் கதவையும் தட்டாதீர்கள். அவர்களுக்கு 15 லட்சத்துக்கும் 15 ஆயிரத்துக்கும் தாள் வேலை ஒன்றே. சிறு தொகை என்றாலே கோப்பு அடியில் போய்விடும்.

வெளியூர் நாஞ்சில்காரன்:

நான் குழித்துறைக்காரன், பல ஆண்டுகளாக அமெரிக்காவில் வசிக்கிறேன். கணக்குப்பிள்ளை அண்ணாச்சி கடைசியில் சொன்னது, எனக்கு இங்குள்ள ஒரு சட்டத்தை நினைவூட்டியது. இங்கே 1990இல் தேசியச் சுற்றுச்சூழல் கல்விச் சட்டம் இயற்றப்பட்டு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வழியாகக் கல்வி மானியங்கள் வழங்கும் முறை ஏற்பட்டது. ஒரு மானியம் 2,50,000 டாலரைத் தாண்டக் கூடாது என்று அச்சட்டம் உச்சவரம்பு வைத்தது. அத்துடன், அந்த மானிய நிதியில் 25 விழுக்காட்டை 5,000 டாலருக்கு மேற்படாத சிறு மானியங்களாகவே கொடுக்க வேண்டும் என்றும் எழுதி வைத்தது. பெரிய அமைப்புகள் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடாமல், ஒற்றைப் பள்ளிக்கும் ஒரு பங்கை அது ஒதுக்கி வைத்தது. இங்கும் குறைகள் இல்லாமல் இல்லை. ஆனால் சிறியவனுக்கு உரியதைச் சட்டத்திலேயே கட்டி வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

மணக்குடிக் காயல்:

எல்லோரும் பணத்தைப் பற்றியே பேசுவதால் நான் சற்று மாறுபடுகிறேன். குளத்தங்கரைக்கு நடந்துபோக என்ன பணம் வேண்டும்? எங்கள் கடற்கரைப் பிள்ளைகளுக்கு நீரோட்டத்தையும் காற்றையும் கற்றுக்கொடுக்க, எந்த அமைச்சகமும் எங்கள் தாத்தாக்களுக்கு மானியம் தரவில்லை. பணம் வந்தால் அதனுடன் பணம் கொடுத்தவரின் விருப்பமும் வரும்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் கரையில் தூண்டில் வளைவு (அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் சுவர்) கட்டிய பிறகு, அதன் ஒரு பக்கம் மணல் சேர்ந்தது. மறுபக்கம் கரை அரிக்கத் தொடங்கியது. கரையை ஒட்டி நகரும் மணலை இடையில் மறித்தால் அப்படித்தான் ஆகும். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "நம் ஊரைக் காப்பாற்றக் கட்டியது அடுத்த ஊரைத் தின்கிறதே, அது ஏன்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியையே திட்டமாக எழுதி, ஒரு நன்கொடையாளரிடம் அனுப்பினோம். பதில் மிகவும் மரியாதையாக வந்தது: கடற்கரைத் தூய்மைப் பணி, ஓவியப் போட்டி ஆகியவற்றுக்குத் தாராளமாக உதவுவதாகவும், கரை அரிப்பு போன்ற "சிக்கலான பொருள்களை" தவிர்க்கும்படியும் கேட்டுக்கொண்டார்கள். பிள்ளைகள் பிளாஸ்டிக் பொறுக்கலாம், கேள்வி கேட்கக் கூடாது.

பிறகு நாங்கள் பணமின்றியே அதைச் செய்தோம். குருசடியின் (சிறு சிலுவைக் கோயிலின்) மதில் மூலையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து அலை கடைசியாக நனைத்த இடம் வரை, தையற்காரரின் நாடாவை நீட்டி நீட்டி மாதந்தோறும் அளந்தோம். ஆனி, ஆடியில் கடல் கரையைத் தின்றதையும், கார்த்திகைக்குப் பின் மணல் மெல்லத் திரும்பி வந்ததையும், திரும்பி வராத இடம் எது என்பதையும் பிள்ளைகளே வரைபடத்தாளில் போட்டார்கள்.

கல்குளம் சார்:

காயல் அண்ணாச்சி, இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. பணம் கொடுப்பவர் கேள்வியைத் திருத்துவார் என்பது உண்மை. அதை நானும் கண்டிருக்கிறேன். பணமே வேண்டாம் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. உங்களுக்கு நாடா போதுமானதாக இருந்தது. இலைக்கோழியின் விரலை நாடாவால் பார்க்க முடியாது. வசதியுள்ள தனியார் பள்ளியில் பிள்ளைக்கு ஒரு பைனாகுலர் இருக்கும்போது, நம் பிள்ளைகளிடம் மட்டும் "இயற்கையை ரசிக்கக் காசு எதற்கு" என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

மணக்குடிக் காயல்:

அதை ஒப்புக்கொள்கிறேன் சார். எங்கள் நாடாவும் 150 சென்டிமீட்டர்தான். 40 முறை நீட்டி வைத்து அளந்ததில் எவ்வளவு பிழை சேர்ந்திருக்கும் என்று எனக்கே தெரியாது. 30 மீட்டர் நாடா ஒன்றை யாராவது வாங்கித் தந்திருந்தால் மறுத்திருக்க மாட்டோம்.

தோவாளை முன்னாள் தலைமையாசிரியர்:

நீங்கள் இருவரும் பேசியதிலிருந்து ஒன்று தெரிகிறது. அலுவலகத்தின் ஆண்டு ஏப்ரலில் பிறக்கிறது; பள்ளியின் ஆண்டு ஜூனில் பிறக்கிறது; காயல் அண்ணாச்சியின் கடலுக்கு ஆனியில் ஆண்டு பிறக்கிறது; டீச்சரின் குளத்துக்கோ, வலசை வாத்துகள் வந்திறங்கும் ஐப்பசியில்தான் பிறக்கிறது. ஊசிவால் வாத்து நம் நிதியாண்டைப் பார்த்து வருவதில்லை. எனவே, விண்ணப்பத்தில் முதல் பக்கத்திலேயே ஒரு நாட்காட்டியைப் போடுங்கள் டீச்சர். எந்த மாதம் என்ன செய்வீர்கள், அதற்கு எந்த மாதம் பணம் தேவை என்பதை எழுதுங்கள். பணம் தாமதமானாலும், எந்தப் பொருளை எப்போது வாங்குவது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மார்ச் மாதத்தில் கன்று வாங்க ஓட வேண்டியிராது.

மாணவர்கள் பெயரிலேயே கிடைக்கும் உதவிகளையும் விட்டுவிடாதீர்கள். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில், பிள்ளையின் சொந்த யோசனை தேர்வானால் 10,000 ரூபாய் அந்தப் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. பள்ளி அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா என்ற பேதம் அதில் இல்லை. 1993இலிருந்து நடைபெறும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் பணம் பெரிதாகக் கிடையாது. ஆனால் 10 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் தங்கள் ஊரின் சிக்கலை ஆய்வாக எழுத அது நல்ல மேடை. காயல் அண்ணாச்சியின் மணல் அளவீட்டை அங்கே கொண்டுபோயிருக்கலாம். யாரும் கேள்வியைத் திருத்தியிருக்க மாட்டார்கள். தமிழ்நாடு அரசின் மஞ்சப்பை விருதில் பள்ளிகளுக்கு 10 லட்சம், 5 லட்சம், 3 லட்சம் என மூன்று பரிசுகள் உண்டு. ஆனால் அது பிளாஸ்டிக்கை ஏற்கெனவே ஒழித்துக் காட்டிய பள்ளிக்குத் தரும் பரிசு. பணியைத் தொடங்குவதற்குத் தரும் பணம் அல்ல.

ஆசிரியருக்கென்று இதில் ஒன்றுமே இல்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை. மன்றத்துக்குப் பூவாளி வாங்கலாம், பேனர் வாங்கலாம். நீரைச் சோதிக்கவோ பறவையை இனங்காணவோ ஆசிரியர் கற்றுக்கொள்வதற்கு ஒரு நாள் பேருந்துக் கட்டணம் கேட்டால், எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்பார்கள். சென்னையில் உள்ள சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம் போன்ற நிறுவனங்கள் பயிற்சி நடத்தியிருக்கின்றன. ஆனால் களியக்காவிளையிலிருந்தோ கன்னியாகுமரியிலிருந்தோ சென்னைக்குப் போய்வர இரண்டு இரவுகள் ஆகும். அந்தப் பயிற்சி நாகர்கோவிலுக்கு வந்தால், எத்தனையோ பேர் வருவார்கள்.

தாமரைக்குளத்து டீச்சர்:

இரண்டு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். அனைவரும் சொன்னதை வைத்து ஒரு விண்ணப்பம் எழுதினேன். "சுற்றுச்சூழல் விழிப்புணர்வு ஏற்படுத்துதல்" என்று தொடங்கியிருந்த முதல் வரியை அடித்துவிட்டு, "தேரூர்க் குளத்தில் ஆகாயத்தாமரை மூடிய பகுதியிலும் மூடாத பகுதியிலும், அக்டோபர் முதல் மார்ச் வரை, பறவைகளின் எண்ணிக்கையும் நீரின் தெளிவும் எவ்வாறு வேறுபடுகின்றன?" என்ற கேள்வியை எழுதினேன். அதன்கீழ் ஆறு மாதங்களுக்கான நாட்காட்டியைச் சேர்த்தேன்.

நீரின் தெளிவைப் பார்க்க, பெயின்ட் டப்பாவின் மூடியையே 20 சென்டிமீட்டர் வட்டமாக வெட்டி, கால்வட்டங்களாகக் கறுப்பும் வெள்ளையும் அடித்து, நடுவில் துளையிட்டு, அடியில் கல் கட்டி, 10 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றில் இறக்கப்போகிறோம். மூடி கண்ணிலிருந்து மறையும் ஆழமே நீரின் தெளிவு. பிள்ளைகள் இதைப் பள்ளித் தொட்டியில் இறக்கிப் பார்த்துவிட்டார்கள். தொட்டியை உடனே கழுவ வேண்டும் என்பது அவர்களின் முதல் ஆய்வு முடிவு.

செலவு மொத்தம் 14,800 ரூபாய். அதில் பைனாகுலர் மூன்றுக்கு 9,600. மீதி 5,200 ரூபாயில், கரைந்த உப்பை அளக்கும் கருவிக்கு 400, வெப்பமானி இரண்டுக்கு 300, அமிலக் காரத் தாளுக்கு 700, குறிப்பேடுகள் 24க்கு 960, பெயின்டுக்கும் கயிற்றுக்கும் 180, முதலுதவிப் பொருள்களுக்கு 500, ஆறு சனிக்கிழமைகளுக்கு 24 பேருக்குச் சிற்றுண்டி 2,160. தேசிய பசுமைப் படையில் 5,000 ரூபாய்க்கு விண்ணப்பித்திருக்கிறேன். மீதி 200 என்னுடையது. பைனாகுலருக்கு முன்னாள் மாணவர்களிடம் கேட்டதில், இரண்டுக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்கள். தலைமையாசிரியை கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். இந்த முறை சிரிக்கவில்லை.

கணக்குப்பிள்ளை (நாகர்கோவில்):

நன்று டீச்சர். முன்னாள் மாணவர் பணத்தையும் பசுமைப் படைப் பணத்தையும் ஒரே ரசீதில் கலக்காதீர்கள். பைனாகுலர் வந்த அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, வரிசை எண்ணையும் எழுதிவிடுங்கள். வீட்டுக்கு எடுத்துச் செல்லும் பிள்ளை கையெழுத்திட ஒரு பக்கம் விடுங்கள்.

மணக்குடிக் காயல்:

ஆகாயத்தாமரை வேரோடு சேர்ந்து மிதந்து எங்கள் காயலுக்கும் பழையாற்றில் வருகிறது. உங்கள் பிள்ளைகள் மேலே எண்ணும் அதே சனிக்கிழமை, எங்கள் பிள்ளைகள், ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் எண்ணுவார்கள். படிவத்தை மட்டும் அனுப்புங்கள்.

தோவாளை முன்னாள் தலைமையாசிரியர்:

மூன்றாவது பைனாகுலர் கிடைக்கும்வரை என்னுடையதைக் கொண்டுவருகிறேன். வலது கண்ணாடியில் பூஞ்சை பிடித்திருக்கிறது. இடது கண்ணால் பார்த்தால் நன்றாகத் தெரியும். அக்டோபர் முதல் சனிக்கிழமை காலை ஆறரைக்குக் குளத்தங்கரையில் இருப்பேன்.

தாமரைக்குளத்து டீச்சர்:

ஆறு மணிக்கே வந்துவிடுங்கள் ஐயா. ஆறரைக்குத் தாமரை பறிப்பவர்கள் இறங்கிவிடுவார்கள். பிறகு இலைக்கோழி கரைப்பக்கம் வராது.